நீர் இறங்கினால்

எங்கள் வீட்டுப் படலைக் கப்பு ஒருநாள் காற்றுக்கு முறிந்து விழுந்தது. ஐயா அடிக்கட்டையைக் கிண்டி எடுத்துக் காட்டினார். ஆழத்தில் ஈரத்தோடு கிடந்த பகுதி இன்னும் உறுதியாக இருந்தது. மேலே காய்ந்து நின்றதும் நல்ல மரம். நிலமட்டத்தில் ஒரு சாண் மட்டும் உக்கி, விரலால் நுள்ள உதிர்ந்தது. "நனைஞ்சு காயிற இடம்தான் மரத்துக்குக் கூடாது" என்றார்.

கார்ஜ் லே கொனெஸில் குடியேறி, பாரிஸில் அத்திவாரக் கிடங்கு வெட்டும் வேலைகளில் இருபது வருடம் நின்றேன். ஐயா சொன்னதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு இதை விளங்கப்படுத்தவில்லை.

1900ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய கிரோன் பலேயையே பாருங்கள். அதன் தென்பக்கம் சேன் ஆற்றின் வண்டல். பாரம் தாங்காது என்று ஏறத்தாழ 3,400 ஓக் மரக் கம்பங்களை அங்கே அடித்து இறக்கினார்கள். அது பிழையான வேலை அல்ல. நீருக்குள் மூழ்கிய ஓக்கை உக்கவைக்கும் பூஞ்சைக்குக் காற்று கிடைக்காது. நூற்றாண்டுகள் அப்படியே நிற்கும். ஆனால் நிலத்தடி நீர் இறங்கியது. கம்பங்களின் தலை காற்றுப்பட்டு உக்கத் தொடங்க, அந்தப் பக்கம் தாழ்ந்தது. 1993இல் கூரையிலிருந்து ஒரு துண்டு கழன்று விழ, பெரிய மண்டபத்தை மூடினார்கள். 2005இல்தான் அது திரும்பத் திறந்தது. சனம் அண்ணாந்து கண்ணாடிக் கூரையைப் பார்த்தது. ஆனால் அதைத் திறக்குமுன் நிலத்துக்குள் அத்திவாரத்தைப் பலப்படுத்த வேண்டியிருந்தது.

ஸ்திராஸ்பூர்க் தேவாலயத்திலும் இதுவே நடந்தது. ரைன் ஆற்றைத் திருத்தியமைத்த பிறகு நிலத்தடி நீர் இறங்க, 142 மீற்றர்க் கோபுரத்தைத் தாங்கும் தூணின் கீழிருந்த மரங்கள் கெட்டன. தேவாலயக் கட்டடக்கலைஞர் யோகான் க்னவுத் தொடங்கிய திருத்தவேலை 1926இல்தான் முடிந்தது.

பொஸ்ரனில் நடந்தது நேரே கிடங்கு வெட்டியதால் வந்தது. 1877இல் திறந்த திரினிற்றி தேவாலயம் 4,500 மரக் கம்பங்களில் நிற்கிறது. பக்கத்தில் ஹான்கொக் கோபுரத்துக்குத் தோண்டியபோது, மண்ணை மறித்த உருக்குத் தகடுகள் கிடங்குப் பக்கம் வளைந்தன. மண் நகர்ந்தது, தேவாலயத்தில் வெடிப்புகள் விழுந்தன. கம்பம் நிமிர்ந்து நிற்பது சுற்றியுள்ள மண் அதைப் பிடித்திருப்பதால்தானே.

நானும் ஒரு கிடங்கில் இரவில் பம்புக்குக் காவல் இருந்திருக்கிறேன். பக்கத்துப் பழைய வீட்டின் கீழும் மரக் கம்பங்கள்தான். அதன் சுவரில் ஏற்கெனவே இருந்த வெடிப்பின் குறுக்கே உள்ளங்கை அகலத்துக்குச் சாந்து அப்பி, ஈரத்திலேயே திகதி கீறியிருந்தோம். இங்கே அதைத் 'தெமுவான்' என்பார்கள். சாட்சி என்று பொருள். சுவர் அசைந்தால் முதலில் பிளப்பது அந்தச் சாந்துதான். இரண்டு கிழமை பம்பு ஓடியது. ஒரு விடியற்காலை ரோச் அடித்துப் பார்த்தேன். திகதியின் நடுவே மயிர் பருமனில் ஒரு கீறல்.

மரம் உக்க வருடங்கள் எடுக்கும். இது அது அல்ல. நீரை இழுத்ததும் வண்டல் சுருங்கி, கம்பங்களையும் தன்னோடு கீழே இழுக்கும். அந்த வீட்டில் ஒரு வயோதிப மாது தனியே இருந்தார். மேலே யன்னலில் வெளிச்சம் தெரிந்தது. எனக்கு வயிறு கலங்கியது.

நிலத்தடி நீரை இறக்காமல் தோண்ட வழி இல்லாமல் இல்லை. வடக்குத் தொடருந்து நிலையத்தில் இறங்கி நாம் மாறி ஏறுகிற மெத்ரோ 4ஆம் பாதையைச் சேனின் கீழ் கொண்டுபோனபோது, சென் மிஷேல் பக்கம் நீர் ஊறிய மண்ணைக் குளிரூட்டி உறையவைத்துத் துளைத்தார்கள். அந்தப் பகுதி 1910இலேயே திறந்துவிட்டது.

எங்கள் கிடங்கில் பம்பை நிறுத்தினார்கள். பிறகு சுவரோரம் குழாய்கள் இறக்கி, பம்பை மீண்டும் ஓடவிட்டு, இறைத்த நீரை அந்த வீட்டின் கீழேயே திருப்பி விட்டார்கள். புதுச் சாந்து அப்பி நானே திகதி கீறினேன். வேலை முடியும்வரை அது பிளக்கவில்லை.