பின்னிருக்கை: நேட் விமானத்தின் இரு பாடங்கள்

ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிப்போர் 'பாடபேதம்' என்றொரு சொல்லை ஆள்வர். ஒரே செய்யுள் இரு சுவடிகளில் ஓரெழுத்து வேறுபட்டு நிற்கும். அவ்வோரெழுத்து பொருளையே மாற்றிவிடும். எந்திரங்களுக்கும் பாடபேதம் உண்டு என்பதைச் சென்ற கோடை விடுமுறையில், லைட்ஹவுஸ் குப்பத்து வீடொன்றின் திண்ணையில் அமர்ந்து அறிந்துகொண்டோம்.

பழவேற்காட்டுக்கு எதிரே, ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல்திட்டில் உள்ள மீனவ ஊர் அது. நம் முன்னாள் மாணவர் ஒருவரின் வீடு அங்குள்ளது. பிளாஸ்டிக் விமான மாதிரிகளைச் செய்வதில் அவருக்குத் தீராத ஆர்வம். அன்று அவர் கையில் இருந்தது ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1960-களில் 1/72 அளவில் வெளியிட்ட 'நேட்' விமானம். அதை நிர்மல்ஜித் சிங் செகோன் ஓட்டிய வகை நேட்டாகச் செய்து நம் கல்லூரி நூலகத்துக்குத் தர வேண்டும் என்பது அவர் விருப்பம். சிக்கல் என்னவெனில், பெட்டிக்குள் இருந்தது இரட்டை இருக்கைப் பயிற்சி விமானம். இந்திய விமானப்படையோ அவ்வடிவத்தைப் பயன்படுத்தியதே இல்லை.

"மூவண்ண வட்டத்தை ஒட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?" என்றோம். "ஏட்டில் இல்லாத பாடத்தை நீங்கள் ஏற்பீர்களா ஐயா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அதற்குமேல் நாம் பேசவில்லை.

நேட்டின் வரலாறு சுவையானது. போர் விமானங்கள் ஆண்டுக்காண்டு கனத்தும் விலை ஏறியும் வந்த காலத்தில், சிறியதும் மலிவானதுமான ஒன்றே போதும் என்று வாதிட்டவர் ஆங்கிலேய வடிவமைப்பாளர் டபிள்யூ. ஈ. டபிள்யூ. பெட்டர். ஃபோலண்ட் நிறுவனத்தில் அவர் உருவாக்கிய நேட் 1955 ஜூலையில் முதன்முதலாகப் பறந்தது. ஆனால் பிரிட்டன் அதைப் போர் விமானமாக ஏற்கவில்லை. நீட்டிப் பின்னிருக்கை சேர்த்த பயிற்சி வடிவத்தையே எடுத்துக்கொண்டது. ரெட் ஆரோஸ் சாகசக் குழு 1965 முதல் 1979 வரை பறந்தது இதில்தான். ஒற்றை இருக்கைப் போர் வடிவத்தைப் பெருமளவில் ஏற்ற நாடு இந்தியா. 1956-இல் உரிமம் பெற்றுப் பெங்களூரு இந்துஸ்தான் விமான ஆலையில் அதைக் கட்டியது. ஆக, ஒரே மூலத்திலிருந்து இரு பாடங்கள்: பிரிட்டன் படித்தது ஒன்று, நாம் படித்தது மற்றொன்று. ஆங்கிலேயப் பெட்டிக்குள் ஆங்கிலேயப் பாடம் இருந்ததில் வியப்பில்லை.

மாணவர் கணக்கிட்ட விதத்தைக் கூற வேண்டும். பயிற்சி விமானத்தின் நீளம் 9.68 மீட்டர், போர் விமானத்தினுடையது 8.74 மீட்டர். 1/72 அளவில் இது 13 மில்லிமீட்டர் வேறுபாடு. இறக்கை வீச்சு 7.32 மீட்டரிலிருந்து 6.73 மீட்டராகக் குறைய வேண்டும். அதாவது பக்கத்துக்கு நான்கு மில்லிமீட்டர். "நுனியை அறுத்தால் முடிந்தது" என்றோம். அவர் தலையசைத்து மறுத்தார். இறக்கைப் பரப்பு 16.3 சதுர மீட்டரிலிருந்து 12.7-ஆகக் குறைகிறது, பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் போகிறது, வீச்சிலோ பன்னிரண்டில் ஒரு பங்குகூடப் போகவில்லை. எனவே இறக்கையின் அகலமும் குறைந்தாக வேண்டும். வாலும் சிறியது. பயிற்சி வடிவத்தில் இறக்கை நுனிப்பக்கம் இருக்கும் அசையும் பலகைகள், போர் வடிவத்தில் உடலை ஒட்டி உட்பக்கம் இருக்கின்றன. காற்று உள்ளே செல்லும் வாய்களின் விளிம்பில் பக்கத்துக்கொன்றாக 30 மில்லிமீட்டர் பீரங்கிக்கான துளை வேண்டும். இன்று ஒற்றை இருக்கை வடிவத்துக்கே தனிப் பெட்டிகள் கிடைக்கின்றன. ஆயினும் கையிலிருப்பதை அறுத்துத் திருத்துவதையே அவர் தேர்ந்தெடுத்தார்.

பக்கத்தில் மாணவரின் தாத்தா ஃபைபர் படகின் விரிசலை அடைத்துக்கொண்டிருந்தார். பிசின், பட்டி, உப்புத்தாள்: பேரனின் கருவிகளும் அவைதாம், அளவுதான் வேறு. அறுத்தெடுத்த துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தவர், "இது யாரு குந்துற எடம்?" என்றார். சொல்லிக்கொடுப்பவர் அமரும் இடம் என்றோம்.

"அத்தயா அறுத்துட்டீங்க? கடலுக்கு மொத நாளு யாரும் தனியா போறதில்லியே வாத்தியாரே!"

அச்சொல்லில் இருந்தது நேட் வரலாற்றின் மையம். இந்திய விமானிகள் வேறு இரட்டை இருக்கை விமானங்களில் பயின்றுவிட்டு நேட்டுக்கு வந்தனர். ஆனால் நேட்டில் ஏறிய முதல் நாளே தனியாகத்தான் பறந்தனர். பின்னால் அமர்ந்து திருத்த ஆசிரியர் இல்லை. அதுவும் எளிதில் பழகும் விமானம் அன்று. வால்தளக் கட்டுப்பாட்டில் தொல்லை தந்தது என்பது பதிவாகியுள்ள செய்தி. அதன் குறைகளைக் களைய முயன்ற 'அஜீத்' 1975-இல் பறந்தது. அஜீத்துக்கு இரட்டை இருக்கை வடிவம் பறந்ததோ 1982-இல்தான். அதுவும் பெருமளவில் படையில் சேரவில்லை. 1991-இல் அஜீத்தும் ஓய்வுபெற்றது.

1965, 1971 போர்களில் நேட் ஈட்டிய புகழைப் பலரும் எழுதியுள்ளனர். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் ஓடுதளத்தில் குண்டுகள் விழுந்துகொண்டிருக்கையில் செகோன் மேலெழும்பினார். உடன் கிளம்பிய விமானம் அவரைவிட்டுப் பிரிந்துபோக, சேபர் விமானங்கள் பலவற்றோடு தனித்துப் போரிட்டு உயிர்நீத்தார். பரம்வீர் சக்கரம் பெற்ற ஒரே விமானப்படை வீரர் அவர். அவரும் நேட்டைத் தனியே ஏறித்தான் கற்றிருப்பார் என்ற எண்ணம், அந்தப் பதின்மூன்று மில்லிமீட்டரைப் பார்த்த பிறகே நமக்கு உறைத்தது. இருபதாண்டுகளாகக் கரும்பலகை முன் நிற்கும் நமக்கு, ஆசிரியரின் இருக்கையே இல்லாத வகுப்பறை ஒன்று அங்கே தெரிந்தது.

விமானம் இப்போது வெள்ளி வண்ணத்தில் நம் நூலகத்தில் நிற்கிறது. அறுத்தெடுத்த துண்டை எறிந்துவிட மாணவர் முனைந்தபோது நாம் தடுத்தோம். நல்ல பதிப்பாசிரியர் நீக்கிய பாடத்தையும் அடிக்குறிப்பில் காப்பது வழக்கம். அத்துண்டும் அதே கண்ணாடிப் பேழையில், விமானத்துக்குப் பின்னால் இருக்கிறது.