தோட்பட்டையில் ஒரு வெற்றிடம்

சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு என வேந்தர்தம் அடையாளப் பூவைப் பிறழாது பாடினர் சங்கப் புலவர். பூ மாறின் வேந்தனே மாறிவிடுவான். படைத்தலைவரின் சீருடையைச் சித்திரிப்போர்க்கும் இக்கவனம் வேண்டும். அமெரிக்காவின் மேற்கு எல்லைப்புறத்தில் 1870களில் பணியாற்றிய குதிரைப்படை அதிகாரிகளின் தோட்பட்டைகள் இதற்குத் தக்க சான்றாகும்.

அப்பட்டைகளின் மஞ்சள் நிறப் பரப்பு குதிரைப்படையைக் குறித்தது. அதன்மேல் அமைந்த சின்னம் பதவியைக் காட்டியது. கர்னலுக்கு வெள்ளிக் கழுகு; லெப்டினன்ட் கர்னலுக்கு வெள்ளி ஓக் இலை; மேஜருக்குப் பொன் ஓக் இலை; கேப்டனுக்கு இரு கோடுகள்; முதல் லெப்டினன்டுக்கு ஒரு கோடு. இரண்டாம் லெப்டினன்டின் பட்டையிலோ சின்னம் ஏதுமில்லை. அவ்வெற்றிடமே அவர் பதவியை உணர்த்திற்று. முன்னர்ப் பொன்னிறமாயிருந்த கோடுகள் 1872இல் வெள்ளியாயின. இரண்டாம் லெப்டினன்டுக்குப் பொற்கோடு வழங்கப்பட்டது 1917இல்தான். ஆகவே 1876இல் நிகழும் கதையில் அவர் தோளில் பொற்கோடு மின்னுமாயின், அது காலவழுவாகும்.

இத்தகைய பிழை சிறிதெனத் தோன்றலாம். கஸ்டரின் வரலாறு அது சிறிதன்று எனக் காட்டும். உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபோது அவர் மேஜர் ஜெனரலுக்குரிய இரு விண்மீன்களை அணிந்திருந்தார். போர்க்காலப் பதவி நீங்கியபின், 1866இல் ஏழாம் குதிரைப்படையின் லெப்டினன்ட் கர்னலானார். ‘பிரெவெட்’ எனப்படும் மதிப்புப் பதவி மட்டும் எஞ்சியது. அப்பதவிக்குரிய சீருடையைப் பணியின்போது அணிவதையும், அப்பெயரால் அரசு ஆணைகளில் விளிப்பதையும் 1870ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. மரியாதை கருதிப் பலர் அவரை ‘ஜெனரல்’ என்றே அழைத்தனர். ஆயினும் தோளுக்கு உரியது வெள்ளி இலையே. 1876 ஜூன் 25இல், லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் லக்கோட்டா, செயேன் வீரரோடு பொருது மாண்டபோதும் அவர் பதவி அதுவே.

அவ்விறுதிப் போரில் அவருக்கு இரு விண்மீன்களைச் சூட்டும் ஓவியமோ கதையோ, அவர் இழந்த உயர்வை மறைத்துவிடுகிறது. அவ்விழப்பை அறியாதார்க்கு, அழைக்கும் பெயருக்கும் அணியும் சின்னத்திற்கும் இடையே அவர் வாழ்ந்த பத்தாண்டுகள் விளங்கா.

பழைய கருப்பு வெள்ளை நிழற்படங்களும் முழுத்துணை ஆகா. பொன் இலையையும் வெள்ளி இலையையும் அவற்றில் பிரித்தறிதல் அரிது. படைத்துறை ஆவணங்களை உடன்வைத்து நோக்குதல் வேண்டும். வரலாற்றைப் பாடப் புகும் கவிஞர், ஓர் இளம் அதிகாரியின் தோளில் காணும் வெற்றிடத்தை அணிசெய்து நிரப்பாமல், உள்ளவாறே விட்டுவைத்தல் நலம்.