செயற்கை நுண்ணறிவின் மறைமுகச் செலவுகள்: தென்சென்னைப் புறநகர்

செயற்கை நுண்ணறிவை இயக்கும் மின்சாரம், நீர், மனித உழைப்பு ஆகியவற்றில் பயனர் கண்ணில் படாத பகுதியை மறைமுகச் செலவு என்பர். தாம்பரத்துக்குத் தென்கிழக்கே, பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) உள்ள சிறுசேரி சிப்காட் வளாகத்தில் இதைக் கண்கூடாகக் காணலாம்.

இணையத் தரவைச் சுமக்கும் கடலடிக் கேபிள்கள் கரையேறும் நகரம் சென்னை. 2021இல் மாநில அரசு, செயற்கை நுண்ணறிவை இயக்கும் சர்வர்கள் அடங்கிய தரவு மையங்களுக்கெனத் தனிக் கொள்கையும் வெளியிட்டது. 2022இல் அதானிகனெக்ஸ், 2025இல் சிஃபி எனச் சிறுசேரியில் தனியார் நிறுவனங்களின் மையங்கள் அடுத்தடுத்து வந்தன.

சர்வர்கள் இரவு பகலாக ஓடுபவை. 33 மெகாவாட் மையம் ஒன்று முழுச் சுமையில் இயங்கினால் நாளொன்றுக்கு 7.92 லட்சம் யூனிட் செலவாகும். இரு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குள் சமாளிக்கும் 7,900 வீடுகளுக்கு அது இரண்டு மாதம் வரும். சூட்டைத் தணிக்க ஆகும் மின்சாரம் தனி. நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் முறை வறண்ட ஊர்களில் நன்கு பலிக்கும். சென்னையின் புழுக்கத்தில் அவ்வளவு பலிக்காது, சில்லர் எனும் குளிரூட்டும் இயந்திரங்கள்தான் உழைக்க வேண்டும். மாநில மின்தொகுப்புக்கு மின்சாரம் தரும் அனல்மின் நிலையங்களில் வடசென்னையும் ஒன்று. அதன் சாம்பல் எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் படிந்து மீனவர்களின் பிழைப்பைக் கெடுத்திருக்கிறது. எந்த மையத்தின் மின்கட்டண ரசீதிலும் அந்த இழப்பு ஏறுவதில்லை.

நீரோ இப்பகுதியில் முன்பே தட்டுப்பாடு. 2019 கோடையில் ஏரிகள் வற்றியபோது ஓ.எம்.ஆர். நிறுவனங்கள் சில, ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. குடியிருப்புகள் பல லாரித் தண்ணீரை நம்பியிருக்கின்றன. அந்த லாரிகளில் பல நிரம்புவது சுற்றுவட்டக் கிராமங்களின் விவசாயக் கிணறுகளில். ஆகவே ஒவ்வொரு தரவு மையமும் குளிர்விக்க எவ்வளவு நீரை எங்கிருந்து எடுக்கிறது என்பதைப் பொதுவெளியில் வைத்தே ஆக வேண்டும்.

மனித உழைப்பு இன்னும் ஆழத்தில் மறைந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவைப் பழக்குவதற்கான 'அனோடேஷன்' எனப்படும் வேலையில், திரையில் தெருப்படம் ஒன்று வரும். ஆட்டோவைச் சுற்றி ஒரு கட்டம், மாட்டைச் சுற்றி ஒன்று, பேருந்துக்குப் பின்னே பாதி மறைந்த ஸ்கூட்டருக்கு ஒன்று எனப் பிசகாமல் வரைய வேண்டும். பிசகினால் படம் திரும்பி வரும். சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்த டெசிக்ரூ போன்ற நிறுவனங்கள் இத்தகைய வேலையைச் சிற்றூர்களுக்குக் கொண்டுசென்றன. சொந்த ஊரிலேயே சம்பளம் என்பது அங்குள்ள பெண்களுக்குப் பெரிய விஷயம், அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் அவர்கள் பழக்கிய மென்பொருளில் அவர்கள் பெயரோ பங்கோ இருப்பதில்லை. வன்முறை, பாலியல் கொடுமை நிறைந்த பதிவுகளைப் படித்து வகைப்படுத்துவோரின் நிலை இதைவிடக் கொடியது. சாட்ஜிபிடிக்காக அவ்வேலையைச் செய்த கென்யத் தொழிலாளர்களுக்கு மணிக்கு 2 டாலருக்கும் குறைவாகவே கிடைத்ததை 2023 ஜனவரியில் டைம் இதழ் வெளிக்கொணர்ந்தது. பார்த்தவை மனதை விட்டு அகலவில்லை என்று அவர்கள் கூறினர்.