குறைந்த கையும் நிறைந்த துணிவும்

வன்னிப் பெருநிலத்தில் முந்நூற்று நான்கு என்னும் கடதாசி ஆட்டத்தை அறியாத ஊர் இல்லை எனலாம். திருவிழா இரவாயினும் மரண வீட்டு விழிப்பாயினும் நால்வர் கூடினால் ஆட்டம் தொடங்கிவிடும். கடதாசிகள் 32. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2. ஆக ஓர் இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கும் 304. முதலில் நான்கு கடதாசிகளே கைக்கு வரும். எஞ்சிய நான்கும் வருமுன்னரே கேள்வி கேட்டுத் துரும்பைக் கவிழ்த்து வைத்தாக வேண்டும். பாதியைக் கண்டு முழுவதற்கும் வாக்களிக்கும் இவ்வேற்பாடே ஆட்டத்தின் உயிர். கூட்டாளியின் கடதாசிகளை மூடி வைக்கச் செய்து, எட்டுப் பிடிகளையும் தனியே வெல்வேன் என்று எழுவோரும் உண்டு. அவ்வாறு எழுந்து வீழ்ந்தவன் இழப்பது பெரும்பாலும் பெருமையை மட்டுமே.

இதே துணிவு பணத்தோடு சேர்ந்தபோது நிகழ்ந்தது யாது என்பதற்குத் தனியொரு வரலாறு உண்டு. அது போக்கர் என்னும் அமெரிக்கச் சீட்டாட்டத்தின் வரலாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நியூ ஒர்லீன்ஸ் துறைமுகத்திலிருந்து மிசிசிப்பி ஆற்று நீராவிக் கப்பல்கள் வழியே பரவிய அவ்வாட்டத்தில், விரும்பிய நேரத்தில் பணத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போகலாம். ஆதலின் அதற்கு இறுதிக் கட்டம் என ஒன்று இருந்ததில்லை. 1970ஆம் ஆண்டில் லாஸ் வேகாஸ் நகரத்துச் சூதாட்ட விடுதியொன்றில் போக்கர் உலகத் தொடர் தொடங்கிற்று. முதலாண்டின் வெற்றியாளரை ஆட்டக்காரர்களே வாக்களித்துத் தேர்ந்தனர். மறு ஆண்டில் விதி மாறியது. எல்லோரும் ஒரே தொகை கட்டிச் சம அளவு சில்லுகளுடன் அமர வேண்டும். எல்லாச் சில்லும் ஒருவனிடம் சேரும்வரை ஆட்டம் ஓயாது. இவ்விதியே இறுதிக் கட்டத்தைப் படைத்தது.

சுற்றுப்போட்டியில் இருவர் சீட்டைப் பாராமலே கட்டாயப் பந்தயம் வைத்தல் வேண்டும். பிளைண்ட் எனப்படும் அப்பந்தயம் கடிகாரக் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். தொடக்கத்தில் 10, 20 என்றிருப்பது பின்னர் 100, 200 ஆகிவிடும். அவ்வேளையில் 1500 சில்லு உள்ளவன், நல்ல சீட்டு வரட்டும் என்று கைகட்டி அமர்ந்திருப்பானாயின், ஒவ்வொரு சுற்றிலும் 300 கரையும். ஐந்தாவது சுற்றோடு அவன் கதை முடியும். அவன் செய்யத்தக்கது என்ன? தனக்கு முன்னுள்ளோர் ஒதுங்கிய வேளை பார்த்து, நடுத்தரச் சீட்டேயாயினும் 1500ஐயும் ஒருங்கே முன்னே தள்ளுதல். ஏனையோர் அஞ்சிச் சீட்டை மடித்தால் 300 உடனே கைக்கு வரும். அது அவன் இருப்பில் ஐந்திலொரு பங்கு. எவரேனும் எதிர்த்து நின்றாலும் சீட்டின் வலியால் வெல்லும் வாய்ப்பு எஞ்சியிருக்கும். தள்ளுபவனுக்கு வாயில் இரண்டு. எதிர்த்து நிற்பவனுக்கோ ஒன்றே. அரைமனத்துடன் 600 வைத்து, எதிராளி உயர்த்தியதும் பின்வாங்குபவன் இருப்பில் ஐந்தில் இரண்டு பங்கை வீணே தொலைக்கிறான்.

இவ்விடத்தில் தருமனையும் நளனையும் நினையாதிருத்தல் அரிது. அவர்களும் குறையக் குறையத் துணிந்தவர்களே. ஆயினும் பகடையில் எதிராளி அஞ்சி விலகுவதில்லை. நாட்டை வைத்தாலும் தம்பியரை வைத்தாலும் சகுனிக்கு உருட்டுவதே வேலை. அங்கே துணிவுக்கு ஒரு வாயிலே உண்டு. அதுவும் வஞ்சகன் காவலில். ஆகவே அதை வீரம் என்பதிலும் மயக்கம் என்பதே பொருந்தும்.

போர்க்களத்தில் எதிராளி விலகுவதுண்டு. 1780களில் ஒல்லாந்தரும் 1796க்குப் பின் பிரித்தானியரும் வன்னியை நெருக்கி வந்தனர். பண்டாரவன்னியனுக்குக் காத்திருத்தல் என்பது தேய்தலேயாயிற்று. 1803 யூனில் கண்டியிலிருந்த பிரித்தானியப் படை அழிந்தது. ஓகஸ்ட்டில் அவன் முல்லைத்தீவின்மேற் பாய்ந்தான். கோட்டைக் காவற்படை கடல்வழியே யாழ்ப்பாணம் சென்றது. முதல் வாயில் திறந்தது எனலாம். பின்னர்ப் பல முனைகளிலிருந்தும் படைகள் வந்தன. ஒக்ரோபர் 31இல் கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிரிபேர்க் அவனைத் தோற்கடித்தான் என்பதற்குக் கல்லெழுத்தே சான்றாக நின்றது. உயிர்கள் மாண்ட போரை ஆட்டத்தோடு நெடுக ஒப்பிடுதல் முறையன்று. துணிவின் கணக்கு எங்கிருந்து பிறக்கின்றது என்பதற்கு மட்டும் இது போதும்.

அக்கணக்கை ஏட்டில் ஏற்றியவர் அங்கேரியில் பிறந்த கணித மேதை ஜோன் வொன் நொய்மன். 1928இல் ஆட்டங்களைப் பற்றிய கட்டுரையும், 1944இல் ஒஸ்கார் மோர்கன்ஸ்டேர்னுடன் ஆட்டக் கோட்பாட்டு நூலும் வெளியிட்டார். அந்நூலில் போக்கருக்கெனத் தனிப் பகுதி உண்டு. அவர் கண்ட முடிவு வியப்பானது: மிகச் சிறந்த சீட்டோடு பந்தயத்தை உயர்த்துவது போலவே, மிக மோசமான சீட்டோடும் இடையிடையே உயர்த்த வேண்டும், அடக்கமாக ஆடவேண்டியது நடுத்தரச் சீட்டைத்தான். ஏமாற்று என்று உலகம் இகழ்ந்தது கணிதத்தில் முறையான ஓர் உறுப்பாயிற்று.

ஆயினும் சுற்றுப்போட்டியில் சில்லு பணமன்று. 1987இல் மேசன் மல்மூத் என்பார், குதிரைப் பந்தயத்துக்கு 1973இல் ஹார்வில் வகுத்த கணக்கைப் போக்கருக்குப் பொருத்தி இதனை விளக்கினார். பரிசுத் தொகை 1000 ரூபாய் எனக் கொள்வோம். முதல்வனுக்கு 500, அடுத்தவனுக்கு 300, மூன்றாமவனுக்கு 200. நால்வர் சமமான சில்லுகளுடன் எஞ்சியுள்ளனர். ஒவ்வொருவரின் இருப்பும் 250 ரூபாய் பெறும். இருவர் முழுவதையும் வைத்து மோதி ஒருவன் வெளியேறினால், வென்றவனின் சில்லு இரட்டிக்கும். அதன் மதிப்போ 500 ஆகாது, 383தான். பார்த்துக்கொண்டிருந்த இருவரும் ஏதும் செய்யாமலே 250இலிருந்து 308க்கு ஏறிவிடுவர்! எனவே எதிர்த்து நிற்க நினைப்பவனுக்கு நூற்றுக்கு 65க்கு மேல் வெல்லும் வாய்ப்பு வேண்டும். அவ்வளவு நல்ல சீட்டு அடிக்கடி வருவதில்லை. மற்றவர் அஞ்சியாக வேண்டிய இந்நேரமே முதலில் தள்ளுபவனின் நேரம். இருவரும் இதை உணராது மோதுவராயின் இலாபம் வேடிக்கை பார்த்தவர்க்கு.

1998இல் இணையத்தில் பணத்துக்கான போக்கர் தொடங்கியதும் இக்கணக்கு வீடுகளுக்குள் நுழைந்தது. 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்னும் அமெரிக்கக் கணக்காளர் 86 டொலர் கட்டி, இணையத் தகுதிப் போட்டி வழியே உலகத் தொடரின் முதன்மைப் போட்டிக்குச் சென்று, 838 பேரை முந்தி 25 இலட்சம் டொலர் வென்றார். அடுத்த ஆண்டில் அதில் ஆடியோர் 2576 பேர். 2006இல் 8773 பேர். சிறு தொகைப் போட்டிகளிலோ ஒருவரே பல மேசைகளில் ஒரே வேளையில் ஆடலானார். எந்தச் சீட்டை எத்தனை சில்லோடு தள்ளலாம் என்று அட்டவணைகள் பிறந்தன. மனப்பாடம் செய்தவன் செய்யாதவனை வென்றான். எல்லோரும் மனப்பாடம் செய்தபின் மிச்சம் மெலிந்தது. அம்மெலிந்த மிச்சத்திலிருந்துதான் நடத்துவோரின் கட்டணமும் போகவேண்டும். பத்து டொலருக்கு ஒரு டொலர் என்பது சிறு போட்டிகளில் பழகிப்போன அளவு. நூறு போட்டி ஆடுபவன் பத்துப் போட்டிக்குரிய தொகையை ஆட்டம் தொடங்குமுன்னரே கொடுத்துவிடுகிறான். இதனைக் கணக்கிற் சேர்க்கும் இளைஞர் சிலரே. 2017இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் என்னும் கணினி நிரல் தேர்ந்த ஆட்டக்காரர் நால்வரை 120,000 ஆட்டங்களில் வென்றது. 2019இல் புளுரிபஸ் என்பது அறுவர் மேசையிலும் வென்றது. திரைக்கு அப்பால் அமர்ந்திருப்பது ஆளா பொறியா என்பதை, நள்ளிரவில் கைத்தொலைபேசியுடன் விழித்திருப்பவன் எங்ஙனம் அறிவான்?

தமிழ்நாட்டில் இணையச் சூதால் கடன்பட்டோர் உயிர்மாய்த்த செய்திகள் பெருகிய பின் 2022இல் தடைச்சட்டம் இயற்றப்பட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றபோதிலும், ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்ற பகுதியை நீக்கியது. அவை திறமை ஆட்டங்கள் என்பது அதன் கருத்து. மேலே கண்ட கணக்குகளை நோக்கின் அக்கருத்தை எளிதில் மறுத்தல் இயலாது. ஆனால் திறமை இருப்பதனால் தோற்போர் தொகை குறைவதில்லை. யார் தோற்பர் என்பதே மாறும். 2025 ஓகஸ்ட்டில் இந்தியப் பாராளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ எனப் பிரித்து நோக்காமல், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. இலங்கை அதே ஆண்டில் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த அதிகாரசபையொன்றை அமைக்கும் சட்டத்தை இயற்றியது.