ஏற்காட்ல வீடு என்ன விலை? – மூலப்பத்திரம் சொல்ற கதை

"ஏற்காட்ல ஒரு சின்ன வீடு என்ன விலைக்குப் போகுதுங்க?" சேலத்துக்காரன்னு தெரிஞ்சதும் வெளியூர் நண்பர்கள் கேக்கற முதல் கேள்வி இதுதான். புரோக்கர் ஒரு விலை சொல்வார், விக்கறவர் ஒரு விலை சொல்வார், பத்திரத்துல மூணாவதா ஒரு விலை இருக்கும். நாளைக்கு வரலாறு எழுதறவன் கைக்குக் கிடைக்கப் போறது அந்த மூணாவது மட்டும்தான். என் கவலையே அதுதான்.

வீட்டு விலையை ஊர் ஊரா அளக்கறது நம்ம நாட்டுல ரொம்பப் புது வேலை. தேசிய வீட்டுவசதி வங்கி 1988-ல ஆரம்பிச்சது, ஆனா 'ரெசிடெக்ஸ்' குறியீடு வந்தது 2007-ல. முதல்ல அஞ்சே ஊர்: டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூர், போபால். (போபால் இருக்கு, சென்னை இல்ல. என்ன கணக்கோ!) பின்னாடி 50 நகரமாச்சு, அதுல தமிழ்நாட்டுக்கு சென்னையும் கோவையும். ரிசர்வ் வங்கி தனியா ஒரு குறியீடு போடுது, பத்திரப்பதிவுத் துறைகள்கிட்ட வாங்கற விவரத்தை வச்சு. சேலத்துக்கே இடமில்லாத வரிசையில ஏற்காட்டை யார் தேடப் போறாங்க?

ஆனா குறியீடு போட பெரிய நகரம் வேணும்னு எந்தச் சட்டமும் இல்ல. ஒரே ஒரு தெரு போதும். ஆம்ஸ்டர்டாம்ல ஹெரன்கிராக்ட்னு ஒரு கால்வாய்க் கரை. அங்க இருக்கற வீடுகள் 1628-லருந்து 1973 வரைக்கும் கைமாறின விலைகளைத் தோண்டி எடுத்து, பீட் ஐகோல்ட்ஸ்ங்கறவர் 1997-ல ஒரு ஆய்வு வெளியிட்டார். ஒரே வீடு திரும்பத் திரும்ப விக்கும்போது என்ன விலைக்குப் போச்சுன்னு பாக்கற முறை. விலைவாசி ஏற்றத்தைக் கழிச்சுட்டுப் பாத்தா, 345 வருஷத்துல மதிப்பு ஏறினது சுமாரா ரெண்டு மடங்கு. அவ்ளோதான்! 'நிலத்துல போட்ட காசு வீண் போகாது'ன்னு சொல்ற மாமாக்கள்கிட்ட இதைச் சொல்லிப் பாருங்க, நம்ப மாட்டாங்க :-)

அட, இந்த முறைக்கு வேண்டிய சரக்கு நம்ம வீட்டு பீரோவுலயே இருக்கே! மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் வேற என்னவாம்? நம்ம ஊர்ல பதிவுச் சட்டம் 1864-லயே வந்தாச்சு. ஏற்காட்டுக் கதை அதுக்கும் முந்தினது. 1820-கள்ல சேலம் கலெக்டரா இருந்த எம்.டி. காக்பர்ன் மலைக்குக் காபியைக் கொண்டு வந்தார், கிரேஞ்ச் எஸ்டேட் உருவாச்சு. எஸ்டேட் கைமாறினா ஏக்கர் கணக்கு. எஸ்டேட்டை உடைச்சு மனையாக்கினா சென்ட் கணக்கு, வில்லாவா கட்டி வித்தா சதுர அடி கணக்கு. ஒரு ஏக்கர்ல 43,560 சதுர அடி. எந்த அலகுல பேசறாங்கங்கறதே பாதி வரலாறு. சதுர அடியில பேரம் பேசறவர் பெங்களூர்லயோ சென்னையிலயோ சம்பாதிச்சவர். தோட்டக் கூலி வாங்கற மலையாளி குடும்பத்துக்கு அந்தப் பேச்சுல இடமே இல்ல.

சரி, பத்திரங்களை வரிசையா வச்சு ஏற்காட்டுக்கு ஒரு கோடு போட்டுடலாமா? இங்கதான் சிக்கல். 1967-ல முத்திரைச் சட்டத்துல 47-ஏ பிரிவைச் சேத்தாங்க, மதிப்பைக் குறைச்சுக் காட்டறதைப் பிடிக்க. பிறகு அரசாங்கமே தெருவுக்குத் தெரு, சர்வே எண்ணுக்கு எண் 'வழிகாட்டி மதிப்பு' போட்டது. மக்களும் சமர்த்தா அந்த எண்ணையே விலைன்னு எழுத ஆரம்பிச்சாங்க. மீதி ரொக்கமா கைமாறும்.

2017 ஜூன் 9-ல வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைச்சாங்க. கூடவே பதிவுக் கட்டணத்தை 1-லருந்து 4 சதவீதமா ஏத்திட்டாங்க. 2023 ஏப்ரல் 1-ல மதிப்பு பழையபடி மேல போச்சு, கட்டணம் 2 சதவீதமாச்சு. பத்திரத்தை மட்டும் நம்பி கோடு போட்டா, 2017-ல மூணுல ஒரு பங்கு சரிவு, 2023-ல ஒரே நாள்ல ஐம்பது சதவீதம் ஏற்றம்னு தெரியும். அந்தச் சரிவுல மலிவா வீடு வாங்கினேன்னு சொன்ன ஒருத்தரையும் நான் பாக்கல.

எண்தானே, போகட்டும்னு விட முடியலீங்க. 2018-ல சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைக்குக் கல் நட்டாங்க. சேர்வராயன் மலைக்குக் கிழக்கே மஞ்சவாடிக் கணவாய்ப் பக்கம் போற வழி. (உயர் நீதிமன்றம் 2019-ல ரத்து பண்ணினதும், உச்ச நீதிமன்றம் 2020-ல புதுசா அறிவிக்கை விடலாம்னு சொன்னதும் தனிக் கதை.) 2013 நில எடுப்புச் சட்டப்படி சந்தை மதிப்பை எப்படிக் கணக்கு போடறாங்க தெரியுமா? முத்திரைச் சட்டப்படி உள்ள மதிப்பு, இல்லன்னா அக்கம்பக்கத்துல முந்தின மூணு வருஷத்துல பதிவான பத்திரங்கள்ல உயர்ந்த பாதியோட சராசரி. எது கூடுதலோ அது. அதாவது பக்கத்துக் காட்டை வித்தவரும் வாங்கினவரும் சேந்து முத்திரைக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க எழுதின எண்ணு, விக்கவே மாட்டேன்னு உக்காந்திருந்த விவசாயிக்கு விலையா வந்து நிக்குது.