பெங்களூரின் வாரயிறுதிப் பந்தயங்கள்

வேலைக்குப் போகிறவர்கள் வாரயிறுதியில் நெடுந்தூரம் ஓடுவதும் சைக்கிள் மிதிப்பதும் பெங்களூரில் 2000-களின் பிற்பகுதியில் வேர்பிடித்தது. கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே அமைந்த ஊரின் குளிர்ந்த விடியல் அதற்குத் தோதாக இருந்தது. 2008 மே மாதம் உலக 10கே ஓட்டம் தொடங்கியது. எரித்திரியாவின் செர்செனே டடேஸே வென்ற அதே நாளில் நகரத்தின் சாதாரண மக்களும் திரளாக ஓடினார்கள். அவ்வாண்டு டிசம்பரில் டூர் ஆஃப் நீலகிரிஸ் சைக்கிள் பயணம் பிறந்தது.

இவற்றில் மிகக் கடுமையானது பிரெவே என்னும் நெடுந்தூரச் சைக்கிள் பயணம். பிரான்சில் உருவான இம்முறையில் முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. நேரவரம்பு மட்டுமே உண்டு. 200 கி.மீ.க்கு பதின்மூன்றரை மணி, 600 கி.மீ.க்கு 40 மணி. சனி விடியலில் கிளம்புகிறவர் ஞாயிறு இரவுக்குள் திரும்பியாக வேண்டும். வழியிலுள்ள சோதனைச் சாவடிகளில் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும்; சாவடிகளுக்கு இடையே துணைவண்டி உதவக்கூடாது. பஞ்சரை நடுராத்திரி நெடுஞ்சாலையோரம் தானே ஒட்டிக்கொள்ளும் இந்தத் தன்னிறைவே பிரெவேயின் உயிர். ஒரே பருவத்தில் 200, 300, 400, 600 கி.மீ. நான்கையும் முடிப்பவர் ‘சூப்பர் ராண்டோனர்’ ஆகிறார்.

பயிற்சிக்கு, நகரிலிருந்து சுமார் 60 கி.மீ. தொலைவில் 1,478 மீட்டர் உயர நந்தி மலை இருக்கிறது.