தோலும் தாளும்

கைபேசியும் கணினியும் நம் பிள்ளைகளை வாழவைக்குமா, வீழ்த்துமா என்று இல்லந்தோறும் நிகழும் வாதம் நமக்குப் பழக்கமானது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இதே வாதம் அச்சுப்பொறியைக் குறித்து, அதுவும் திருச்சபையின் மடங்களிலேயே எழுந்தது.

1468-இல் உரோமையில் அச்சான புனித ஜெரோமின் மடல்களுக்கு அலேரியா ஆயர் புஸ்ஸி முகவுரை வரைந்தார். நூறு பொற்காசுகளுக்கும் கிட்டாத நூல் இனி இருபதுக்குக் கிட்டும், ஏழையும் நூலகம் அமைக்கலாம் என மகிழ்ந்தார். 1472-இல் அதே ஆயரே அவ்வச்சகத்தாருக்காகத் திருத்தந்தை நான்காம் சிக்ஸ்துவிடம் உதவி வேண்டி விண்ணப்பம் எழுத நேர்ந்தது. வீடு நிறைய விலைபோகாத அச்சுத்தாள்கள், உண்ணவோ ஒன்றுமில்லை. நூலொன்றுக்கு ஏறத்தாழ 275 படிகள் அச்சிட்டோர்க்கு அத்தனை இலத்தீன் வாசகர் அகப்படவில்லை.

செருமனியில் ஸ்பான்ஹைம் மடத்து அதிபரான திரித்தேமியு, ஆசீர்வாதப்பர் சபைத் துறவி. அவர் 1492-இல் படியெடுப்போரைப் புகழ்ந்து ஒரு நூல் இயற்றினார். தோலில் எழுதியது ஆயிரம் ஆண்டு நிற்கும், தாளில் அச்சிட்டது இருநூறு ஆண்டு நின்றாலே பெரிது என்றார். இவ்வாதம் எளிதில் உடைபடும். அவருடைய மற்றோர் அச்சமே நம்மைச் சிந்திக்கவைக்கிறது. இறைவார்த்தையைக் கையால் எழுதுபவன் மெல்ல எழுதுகிறான்; எழுத எழுத அது அவன் உள்ளத்தில் பதிகிறது. அப்பணியைப் பொறி பறித்துக்கொண்டால் துறவி சோம்பலுக்கு இரையாவான் என அவர் அஞ்சினார். குருமடத்தில் மறைநூற் பகுதிகளை ஏட்டில் எழுதி எழுதிக் கற்ற நம்மைப் போன்றோர்க்கு இவ்வச்சம் விளங்காமல் இல்லை.

ஆயினும் அந்நூல் 1494-இல் மைன்ஸ் நகரில் அச்சாகியே பரவியது! 1483-இல் அவர் பொறுப்பேற்றபோது மடத்தில் இருந்தவை 48 நூல்கள். 1505-இல் ஏறக்குறைய 2,000. அச்சு நூல்களும் அவற்றுள் அடங்கும்.

கூட்டன்பர்க் காலத்திலேயே, 1454-55-இல், பாவத் தண்டனைக் குறைப்புக்கான பலன் சீட்டுகள் அச்சாயின. அப்பலன்களின் விற்பனையை எதிர்த்து 1517-இல் லூத்தர் எழுதிய கூற்றுகளையும் அச்சுப்பொறியே எங்கும் கொண்டுசென்றது. பொறியை மட்டும் குறைகூறி என்ன பயன்?

முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அண்டிரிக்கு அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. 16 பக்கங்களே கொண்ட சிறுநூல். தாளுக்குத் திரித்தேமியு குறித்த இருநூறு ஆண்டுக் கெடுவை அது இருமுறை கடந்துவிட்டது. ஆனால் நாமறிய எஞ்சியிருப்பது ஒரே படிதான். அதைக் காண விழைவோர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்குச் செல்லவேண்டும்.